அறுந்த நுனியைப் பாருங்கள்: லூர் போனது பல்லாலா, முடிச்சாலா?

மூன்று வருடங்களுக்கு முன் காவேரிப்பாக்கம் ஏரிக்கரையில் 1,100 ரூபாய் ஜெர்க்பெயிட் (சின்ன மீன் வடிவச் செயற்கை இரை, லூர்களில் ஒரு வகை) ஒன்றைத் தொலைத்தேன். வாங்கி ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. ஒரு இழுப்பு, ராடு வளைந்தது, அடுத்த நொடி வெறும் தூண்டில் நரம்பு காற்றில் ஆடியது. கரையில் தக்கைத் தூண்டில் போட்டு உட்கார்ந்திருந்த பெரியவரிடம், "பல்லு உள்ள மீன் போலிருக்கு, கடிச்சிட்டுப் போயிடுச்சு" என்றேன். அவர் எழுந்து வந்து என் நரம்பின் நுனியை வெயிலுக்கு எதிரே பிடித்துப் பார்த்தார். "இன்னா தம்பி, பல்லு எங்க கடிச்சிது? உன் முடிச்சு அவுந்துகினு போயிருக்கு" என்றார். நுனி பாகல் கொடியின் பற்றுக்கம்பி போலச் சுருண்டு கிடந்தது.

அன்று முதல் அறுந்த நுனிகளை வெட்டி எறியாமல் ஒரு காலி மாத்திரை டப்பாவில் சேர்த்து வருகிறேன். வீட்டில் இதற்காகச் சிரிக்காத ஆள் இல்லை. ஆனால் டப்பாவைக் கொட்டிப் பார்த்தால், பல் பட்டு அறுந்தவை பாதிகூட இல்லை. மீதியெல்லாம் என் கை வேலை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நம் கடைகளில் தொங்கும் விலை கூடிய லூர்களில் பெரும்பாலானவை அமெரிக்காவிலும் ஜப்பானிலும் பாஸ் மீனுக்காக யோசித்துச் செய்தவை. பாஸின் வாயில் இருப்பது உப்புத்தாள் மாதிரி பொடிப் பற்கள். நரம்பை அறுக்காது, பிடித்தவன் கட்டைவிரல் தோலைத்தான் கொஞ்சம் உரிக்கும். ஆனால் அமெரிக்க ஏரிகள் பலவற்றில் பாஸ் இருக்கும் இடத்திலேயே பைக், பிக்கரல், மஸ்கெலஞ்ச் என்று கத்தி வாய் மீன்களும் இருக்கின்றன. அதனால்தான் அங்கிருந்து வரும் சில வீடியோக்களில் ஒயர் லீடர் (நரம்புக்கும் லூருக்கும் நடுவே கட்டும் கம்பித் துண்டு) போடச் சொல்கிறார்கள். வடாற்காட்டு ஏரியில் பைக் கிடையாது. இங்கே விரால், குறவை, கெளுத்தி, ரூப்சந்த். பெரிய அணைகளுக்குப் போனால் வாளை. மாதம் ஒரு முறை கடலுக்குப் போனால் ஷீலா, வஞ்சிரம், சாவாளை. ஒவ்வொன்றின் வாயும் வேறு, ஆகவே மருந்தும் வேறு.

லூர் போனதும் கை துறுதுறுக்கும், உடனே நுனியை வெட்டிப் புதிதாகக் கட்டத் தோன்றும். கட்டாதீர்கள். முதலில் போன் டார்ச்சில் நுனியைப் பாருங்கள். பிறகு நுனியிலிருந்து ஒரு முழம் வரை இரண்டு நகங்களுக்கு நடுவே விட்டு இழுத்துப் பாருங்கள். கீழே உள்ளதில் எது என்று தெரிந்துவிடும்.

நுனி சுருண்டிருக்கிறது

முடிச்சு வழுக்கிவிட்டது. மீன் மேல் பழி போட வேண்டாம்.

தங்கூசிக்கும் (சாதாரண நைலான் நரம்பு) அதைப் போன்ற ஒற்றை இழை ஃப்ளோரோகார்பனுக்கும் சரியாக வரும் கிளிஞ்ச் முடிச்சு, இழைகளைப் பின்னிச் செய்த வழவழப்பான பிரெய்டில் நிற்காது. பிரெய்டுக்கு பாலோமர் முடிச்சு நல்லது. ஆனால் அதைக் கட்டும்போது லூர் முழுவதையும் வளையத்துக்குள் நுழைக்க வேண்டும். இரண்டு மூன்று கொத்து முள் (மூன்று முனைத் தூண்டில் முள்) தொங்கும் லூரில் அது பெரிய வம்பு, அதற்கு யூனி முடிச்சு போதும், பிரெய்டில் எட்டுச் சுற்று. முடிச்சை இறுக்கும் முன் எச்சில் தொட்டு நனைப்பதைப் பலர் சடங்கு என்று நினைக்கிறார்கள். ஃப்ளோரோகார்பனைக் காய்ந்தபடி இறுக்கினால் உரசும் சூட்டில் அந்த இடமே வெந்துபோகும். அங்கே சுருட்டை இருக்காது. முடிச்சுக்கு ஒட்டி வெள்ளை பூத்து ஒடிந்திருக்கும். அதுவும் முடிச்சுக் கோளாறுதான்.

பிளேடால் வெட்டியது போல நுனி நறுக்கென்று இருக்கிறது, அதற்கு மேல் நரம்பில் ஒரு கீறல்கூட இல்லை

இதுதான் உண்மையான பல். ஆனால் எங்கே நின்று வீசினீர்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கடல் என்றால் சந்தேகமே இல்லை. ஷீலாவும் வஞ்சிரமும் சாவாளையும் பெரிய இரையை வெட்டித் தின்பவை. இழுவையில் இருக்கும் பிரெய்டைப் பல் லேசாகத் தொட்டாலே போதும். பிரெய்டு என்பது மெல்லிய இழைகளின் பின்னல், இழுபட்டு நிற்கும்போது ஒவ்வொரு இழையும் வெட்டுக்குக் காத்திருக்கிறது. 50 பவுண்டு தாங்கும் பிரெய்டு, 50 பவுண்டு தங்கூசியைவிடப் பல்லுக்குச் சீக்கிரம் போகும். தடிமன்தான் பல்லைத் தாங்குவது, பாக்கெட்டில் போட்ட எண் அல்ல.

கழிமுகத்தில் கொடுவாவுக்கு வீசியிருந்தால் கதை மாறும். கொடுவாவின் வாயில் வெட்டும் பல் இல்லை. அதன் செவுள் மூடி சவரக் கத்தி. தலையை உலுக்கும்போது நரம்பு அதில் பட்டால் இதே மாதிரி நறுக்கென்று போகும். அதற்கு ஒயர் தேவையில்லை, தடித்த லீடர் போதும். பாறையில் ஒட்டிய சிப்பியும் இப்படித்தான் வெட்டும், ஆனால் அப்போது நுனிக்கு மேலேயும் இரண்டு மூன்று கீறல் இருக்கும்.

நம்மூர் ஏரியிலேயே இப்படி வெட்டுப்பட்டால் நான் முதலில் சந்தேகப்படுவது ரூப்சந்தை. ஏரி வவ்வால் என்று கூவி விற்கிறார்களே, அதேதான். தென்னமெரிக்காவிலிருந்து வந்த பாக்கு இனம். வாயைத் திறந்து பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள், மனிதக் கடைவாய்ப் பல் மாதிரி இருக்கும். கொட்டை உடைத்துத் தின்னும் வாய் அது. மெல்லிய முள்ளை நசுக்கிவிடும், நரம்பு நடுவில் மாட்டினால் துண்டித்துவிடும்.

சரி, ஒயர் எப்படிப் போடுவது? கடையில் கட்டி வைத்த லீடர்கள் பெரும்பாலும் ஒரு அடி நீளம், கொழுத்த ஸ்விவல் (நரம்பு முறுக்காமல் சுழலும் கண்ணி), தகரம் போன்ற ஸ்னாப் (லூரை மாட்டும் கொக்கி). சின்ன பாஸ் லூருக்கு அது நாய்க்குட்டி கழுத்தில் மாட்டுச் சங்கிலி. நீங்களே செய்துகொள்ளலாம். மியூசிக் கடையில் கிட்டாருக்குத் தனித் தந்தி விற்பார்கள். சுற்றுக்கம்பி இல்லாத வெறும் எஃகுத் தந்தி, 0.012 அங்குலம், அதாவது 0.3 மில்லிமீட்டர். பத்து கிலோவுக்குக் குறையாமல் தாங்கும். வேலூரில் கேட்டபோது கடைக்காரர், "எந்த ஸ்கேல் வாசிக்கிறீங்க?" என்றார். ஷீலாவுக்கு என்று சொல்லவில்லை.

இருபது சென்டிமீட்டர் வெட்டி, ஒரு முனையை ஸ்விவலில் நுழைத்து மடக்குங்கள். இரண்டு கம்பியும் ஒன்றை ஒன்று சுற்றும்படி ஐந்தாறு முறுக்கு. ஒன்று நேராக நின்று மற்றது அதன் மேல் சுற்றக்கூடாது, இரண்டும் சமமாக எக்ஸ் மாதிரி பின்ன வேண்டும். பின்பு மீதி முனையைச் செங்குத்தாக மடக்கி, நேர்க்கம்பி மேல் நெருக்கமாக நான்கைந்து சுற்று. கடைசியில் மிச்சத்தைக் குறடால் வெட்டாதீர்கள். வெட்டினால் முள் மாதிரி ஒரு முனை நீட்டிக்கொண்டு கையைக் கிழிக்கும். கைப்பிடி போல வளைத்து ஒரே பக்கமாகச் சுழற்றினால் அடியோடு ஒடிந்து விழும். மறுமுனையிலும் இதே போல், ஆனால் வளையத்தில் சின்ன ஸ்னாப்.

ஒற்றைக் கம்பியில் ஒரு மடிப்பு விழுந்தால் அது குப்பைக்குத்தான். நிமிர்த்திப் பயன்படுத்தினால் அடுத்த மீனில் அந்த இடத்தில் ஒடியும். கிட்டார் தந்தி உப்புத் தண்ணீரில் ஒரே நாளில் துருப்பிடிக்கும் என்பதால் ஒரு பயணத்தோடு கழித்துவிடுவேன். டைட்டானியம் கம்பி மடங்காது, துருவும் பிடிக்காது. அதன் விலைக்கு இன்னொரு லூர் வாங்கலாம் என்பதுதான் அதன் ஒரே குறை.

நுனிக்கு மேல் ஒரு சாண் நீளத்துக்கு நரம்பு சொரசொரப்பாக, வெளுத்து இருக்கிறது

வெட்டு இல்லை, அரம். மேட்டூரில் ஒரு வாளை எனக்கு இதைச் சொல்லித் தந்தது. கரைக்குப் பத்தடி வரை வந்தது, அகன்ற வாயும் நீண்ட மீசையும் தெரிந்தன, லூர் வாய்க்குள்ளே முழுசாக. ஒரு புரளல், போய்விட்டது. நரம்பு நுனி பஞ்சு மிட்டாய் மாதிரி பிரிந்திருந்தது.

வாளையின் தாடைகளில் நுண்ணிய பற்கள் பட்டை பட்டையாக, உள்நோக்கிச் சாய்ந்து நிற்கும். ஒரே கடியில் அறுக்காது. ஐந்து நிமிடப் போராட்டத்தில் தேய்த்துத் தேய்த்து அறுக்கும். இங்கே ஒயர் போடுவது எனக்குச் சம்மதமில்லை. 40 முதல் 60 பவுண்டு ஃப்ளோரோகார்பன் அல்லது நல்ல தங்கூசி, அதாவது 0.6 முதல் 0.75 மில்லிமீட்டர் தடிமன், அரை மீட்டர் நீளம். அதுவே போதும், லூரும் இயல்பாக நீந்தும். ஒவ்வொரு மீனுக்குப் பின்னும் லீடரின் கடைசி ஒரு சாணை நகத்தால் தடவிப் பாருங்கள். சொரசொரப்பு தட்டினால் அந்தச் சாணை வெட்டிவிட்டு மறுபடி கட்டுங்கள். இந்த வேலைக்குச் சோம்பல்பட்டு நான் இழந்தவை இரண்டு, இரண்டும் ஜப்பான் லூர்.

வாளை குறைந்து வரும் இனம், உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐயூசிஎன்னின் சிவப்புப் பட்டியலில் அழிவை நோக்கிப் போகக்கூடியது என்ற பிரிவில் இருக்கிறது. வாய்க்குள் லூரும் மூன்றடி நரம்பும் மாட்டிக்கொண்டு போன மீன் என்ன ஆகும் என்பதையும் யோசிக்க வேண்டும். தடித்த லீடர் நம் பணத்துக்கு மட்டுமல்ல.

பாலாற்று ஓரத்திலும் கல் அணைக்கட்டுப் பக்கங்களிலும் இதே சொரசொரப்பு மீனே கடிக்காமலும் வரும். கருங்கல் விளிம்பில் நரம்பு உரசியிருக்கும். வித்தியாசம் சுலபம்: மீன் என்றால் தேய்மானம் லூருக்கு ஒட்டிய சாணில் மட்டும். கல் என்றால் அதற்கு வெகு மேலேயும் ஆங்காங்கே.

விராலுக்கு வீசுகிறேன், ஒயர் வேண்டுமா?

வேண்டாம். இதை நேராகச் சொல்லிவிடுவது நல்லது. விராலுக்குக் கூர்மையான பல் உண்டு, தவளை லூரைக் குத்திக் கிழிக்கும், விரலையும் கிழிக்கும். ஆனால் தடித்த பிரெய்டை அது அறுத்து நான் பார்த்ததில்லை. 40, 50 பவுண்டு பிரெய்டை நேராகத் தவளையிலேயே கட்டலாம். ஆகாயத்தாமரைக்குள் தலையை நுழைத்த விராலை வெளியே கொண்டுவர எப்படியும் அந்தத் தடிமன் வேண்டும். ஒயர் போட்டால் அது இலையிலும் தண்டிலும் மாட்டும், தவளையின் மூக்கு தண்ணீருக்குள் அமிழும். குஞ்சுக் கூட்டத்தைக் காத்து நிற்கும் விராலின் மேல் வீசுவதை மட்டும் விட்டுவிடுங்கள். அது கோபத்தில் கடிக்கும், நமக்கு அதில் பெருமை ஒன்றுமில்லை.

ஒயர் போட்டதிலிருந்து மீனே தொடுவதில்லை

மீன் கம்பியைப் பார்த்துப் பயப்படுகிறது என்பார்கள். ஓரளவு உண்மை, தெளிந்த தண்ணீரில். ஆனால் பெரும்பாலும் கெட்டுப்போனது லூரின் நடை. நடுத்தண்ணீரில் அப்படியே மிதந்து நிற்க வேண்டிய ஜெர்க்பெயிட் பத்து கிராம் இருக்கும். அதன் மூக்கில் இரண்டு கிராம் இரும்பைத் தொங்கவிட்டால் தலைகீழாக மூழ்கும். வாளித் தண்ணீரில் போட்டுப் பார்த்தாலே தெரியும்.

கம்பியைப் பன்னிரண்டு சென்டிமீட்டராகக் குறையுங்கள். ஸ்விவலைச் சின்னதாக்குங்கள். ஸ்னாப் போட்டால் லூரின் மூக்கில் இருக்கும் ஸ்ப்ளிட் ரிங்கை (சாவி வளையம் மாதிரி சின்ன வளையம்) கழற்றிவிடலாம், இரண்டும் சேர்ந்து தேவையில்லை. அதற்கும் மசியாவிட்டால் நிற்கும் லூரை விட்டு மிதக்கும் லூருக்கு மாறுங்கள், அதன் மிதப்பு கம்பி எடையைச் சமாளித்துவிடும். ஸ்பின்னர்பெயிட் என்றால் அதன் உடம்பே கம்பி வளைவு, பல் பெரும்பாலும் அந்தக் கம்பியில்தான் படும்.

இன்னொரு வழியும் உண்டு, சொன்னால் லூர் பைத்தியங்களுக்குப் பிடிக்காது. பல் உள்ள தண்ணீரில் விலை கூடியதை எடுக்காதீர்கள். கரண்டி வடிவில் வரும் வெறும் இரும்பு ஸ்பூன் லூரை ஷீலா எத்தனை தடவை கடித்தாலும் அதற்குக் கீறல்தான்.

நரம்பு, முடிச்சு, ஸ்னாப் எல்லாம் இருக்கிறது, லூர் மட்டும் இல்லை

ஸ்னாப்பைப் பாருங்கள், வாய் திறந்திருக்கும். மலிவான மெல்லிய கம்பி ஸ்னாப்பில் மீன் உடம்பை முறுக்கும்போது கொக்கி கழன்றுகொள்ளும். ஒரு டஜன் பாக்கெட் மலிவாகக் கிடைத்தது என்று வாங்கி, ஒரே காலையில் அதில் இரண்டு திறந்துகொண்டன. மீதி பத்தும் இப்போது சாவிக்கொத்தில். நல்ல ஸ்னாப்பைக்கூட மீன் பிடித்த பின் ஒரு தடவை அழுத்திப் பாருங்கள்.

வீசும்போதே லூர் தனியாகப் பறந்துவிட்டது

மீனுக்குச் சம்பந்தமே இல்லை. ரீலில் பிரெய்டு வளையம் விழுந்து சிக்கியிருக்கும், அல்லது ராடின் வளையத்தில் உள்ள செராமிக் விரிசல் விட்டிருக்கும். காது குடையும் பஞ்சை ஒவ்வொரு வளையத்திலும் சுற்றித் தேய்த்துப் பாருங்கள், விரிசல் இருந்தால் பஞ்சு இழை மாட்டும்.

லூர் திரும்பி வந்தது, முள் நிமிர்ந்திருக்கிறது

பாஸ் லூரோடு வரும் கொத்து முள் மெல்லிய கம்பி. பாஸுக்குச் சரி, பெரிய விராலைத் தாமரைத் தண்டிலிருந்து பிய்க்கும்போது தாங்காது. தடித்த கம்பி முள் மாற்றுங்கள், ஆனால் எடை கூடும் என்பதால் மறுபடி வாளிச் சோதனை. இரண்டு கொத்துக்குப் பதில் இரண்டு ஒற்றை முள் போட்டால் எடை ஏறாது, கழற்றுவதும் எளிது. டிராக்கை (மீன் இழுக்கும்போது நரம்பை விட்டுக்கொடுக்கும் ரீல் பிடி) பூட்டு போட்டது போல இறுக்கி வைக்காதீர்கள். பிரெய்டு நீளவே நீளாது, ஏதாவது ஒன்று விட்டுக்கொடுத்தாக வேண்டும். நரம்பின் தாங்குதிறனில் நாலில் ஒரு பங்குக்கு வைப்பது என் வழக்கம்.

ரப்பர் மீனின் வால் மட்டும் போய்விடுகிறது

கடித்த வடிவத்தைப் பாருங்கள். பிய்த்து இழுத்தது போல ஓரம் கிழிந்திருந்தால் விரால் வாலைப் பிடித்து இழுத்திருக்கிறது. முள்ளைப் பின்னால் தள்ளிப் போடுங்கள், அல்லது பின்புறம் ஒரு துணை முள் கட்டுங்கள். அரை நிலா வடிவில் சுத்தமாகக் கடித்திருந்தால் ரூப்சந்த் அல்லது ஆமை. ஆமை என்றால் இடத்தை மாற்றுங்கள், அது மாட்டிக்கொண்டால் பாவம், சட்டப்படியும் வம்பு. சிலர் இழுத்தால் ரப்பர் பேண்டு போல நீளும் டிபிஇ வகைக்கு மாறச் சொல்கிறார்கள். உண்மையாகவே பல்லைத் தாங்கும், ஆனால் அதை மற்ற ரப்பர் புழுக்களோடு ஒரே பெட்டியில் வைக்காதீர்கள். ஏன் என்று கடைசியில்.

தவளை மூழ்குகிறது, அல்லது கெட்டி லூருக்குள் தண்ணீர் சலசலக்கிறது

தவளையை அமுக்கித் தண்ணீரில் காட்டினால் குமிழி வரும் இடம் விராலின் பல் பட்ட துளை. சூப்பர் குளூ வைத்தால் காய்ந்து கண்ணாடி போல இறுகி அடுத்த கடியில் வெடிக்கும். ஒரு ஊசியைக் குறடில் பிடித்துக் காய்ச்சி, துளையின் ஓரங்களை உருக்கி ஒட்டுவதுதான் நிற்கிறது. மொட்டை மாடியில் செய்யுங்கள், அந்தப் புகை நல்லதல்ல.

கெட்டி பிளாஸ்டிக் லூரில் விரிசல் கண்ணுக்குத் தெரியாது. கை பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் முக்கினால் உள்ளே இருக்கும் காற்று விரிந்து விரிசல் வழியே குமிழி விடும். அந்த இடத்தைப் பேனாவால் குறித்து, தண்ணீரை உதறி வடித்து, ஒரு நாள் காயவிட்டு அரால்டைட் பூசுங்கள். ஈரத்தோடு பூசினால் ஒட்டாது, அந்தத் தப்பைச் செய்தவன் சொல்கிறேன்.

கழற்றும்போது லூரின் நாக்கு ஒடிந்தது

நாக்கு என்பது லூரின் முகத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் தகடு. லூரைப் பிடித்துத் திருகியிருப்பீர்கள். முள்ளைப் பிடிக்க வேண்டும், நீள மூக்குக் குறடால். வரவில்லையா, முள்ளையே வெட்டிவிடுங்கள். ஒரு கொத்து முள் 20, 30 ரூபாய், லூர் ஆயிரம்.

மே மாதம் பெட்டியைத் திறந்தால் எல்லாம் ஒட்டிக் கூழாகிக் கிடக்கிறது

இதை எந்த வெளிநாட்டு வீடியோவும் சொல்லாது, ஏனென்றால் அவர்கள் அக்னி நட்சத்திரத்தில் வண்டியைச் சத்துவாச்சாரி வெயிலில் நிறுத்தியதில்லை. 40 டிகிரி தாண்டும் நாளில் வண்டியின் பக்கப்பெட்டி அடுப்பு. வேறு வேறு வகை ரப்பர் புழுக்கள் ஒன்றோடொன்று பட்டாலே நாளடைவில் இளகி ஒட்டும், சூட்டில் இன்னும் வேகமாக. சாயம் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஏறும், பக்கத்தில் இருக்கும் கெட்டி லூரின் பெயிண்டையும் தின்றுவிடும். டிபிஇ வகை இதில் முதல் ஆள். ஒவ்வொரு வகையையும் அது வந்த பாக்கெட்டிலேயே தனியாக வைத்து, பெட்டியை வீட்டுக்குள் கட்டிலுக்கு அடியில் தள்ளுங்கள். ஏரிக்குப் போகும் அன்று வேண்டிய ஐந்தாறை மட்டும் ஒரு டிபன் டப்பாவில். போகும் முன், அந்த ஏரியில் மீன் பாசிக் குத்தகை எடுத்தவர் யார் என்று விசாரித்து, அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போங்கள்.